வீட்டுலயே மெஷ் ரேடியோ ஆன்டெனா செய்யறது: எல்லாரும் கேக்கற சந்தேகங்கள்

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ சென்னையில பல ஏரியாவுல கரண்டும் இல்ல, செல் சிக்னலும் இல்ல. அதுக்கப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சவங்க நிறைய பேரு நெட் இல்லாம மெசேஜ் அனுப்பற லோரா ரேடியோ போர்டு வாங்க ஆரம்பிச்சாங்க, வாங்கின ரெண்டாவது நாளே எனக்கு போன் வரும், "அண்ணா பக்கத்து தெருவுக்கே போக மாட்டேங்குது". தொண்ணூறு சதவீதம் பிரச்சனை ஆன்டெனாதான், இல்லேன்னா ஆன்டெனாவை வெச்ச இடம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சதால எல்லாத்தையும் இங்க எழுதி வெச்சிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

முதல்ல இந்த மெஷ்னா என்ன? நெட் இல்லாம மெசேஜ் போகும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். லோரான்னு ஒரு ரேடியோ முறை, கம்மி பவர்ல ரொம்ப தூரம் போகும் ஆனா வேகம் ஆமை வேகம், போட்டோ வீடியோ எல்லாம் மறந்துடுங்க, குட்டி குட்டி டெக்ஸ்ட் மட்டும்தான். அதுக்கு மேல ஓடுற மெஷ்டாஸ்டிக்ங்கற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் 2020ல ஆரம்பிச்சது. உங்க போர்டு அனுப்பினதை என் போர்டு கேட்டு திரும்ப கத்தும், அதைக் கேட்டு அடுத்தவர் போர்டு கத்தும், இப்படியே கை மாறி கை மாறிப் போகும். போனை ப்ளூடூத்ல போர்டோட இணைச்சுட்டா போதும், சிம் வேணாம் டவர் வேணாம்.

லைசென்ஸ் வேணுமா சார்? போலீஸ் கீலீஸ் வருவாங்களா?

இந்தியாவுல 865லேருந்து 867 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம உபயோகிக்கலாம்னு 2005லயே அரசு அறிவிப்பு வந்தது, 2021ல அதை 868 வரைக்கும் நீட்டிட்டாங்க. டிரான்ஸ்மிட்டர் பவர் அதிகபட்சம் 1 வாட், ஆன்டெனாவோட சேர்த்து கணக்கு பண்ற ஈஆர்பி 4 வாட், கருவி டைப் அப்ரூவல், அதாவது அந்த மாடலுக்கு அரசு ஒப்புதல், வாங்கினதா இருக்கணும். நம்ம போர்டுங்க பெரும்பாலும் 22 டிபிஎம், அதாவது சுமார் 0.16 வாட்தான் விடும், அதனால பவர்ல எல்லையைத் தாண்ட வாய்ப்பு கம்மி. ஹாம்னு சொல்ற அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதத் தேவையில்ல, ஆனா எழுதினா நல்லதுதான், ஆன்டெனா பத்தி ஒழுங்கா படிக்க ஒரு சாக்கு கிடைக்கும்.

ஆப்ல ரீஜியன் இந்தியான்னு போட மறக்காதீங்க. பார்த்து வாங்க வேண்டியது இன்னொண்ணு இருக்கு, 433ன்னு எழுதின போர்டு நமக்கு உதவாது, 868 இல்லேன்னா 915ன்னு இருக்கறதை வாங்குங்க, அந்த ரெண்டும் பெரும்பாலும் ஒரே சர்க்யூட்தான்.

பெட்டியில வந்த குட்டி ஆன்டெனா போதாதா?

டேபிள் மேல வெச்சு ரெண்டு போர்டும் பேசுதான்னு பாக்க போதும். அந்த ஸ்ப்ரிங் மாதிரி சுருள், கட்டை விரல் சைஸ் குச்சி எல்லாம் எந்த அலைவரிசைக்கு செஞ்சதுன்னே தெரியாது. மேல 868ன்னு ஸ்டிக்கர் இருக்கும், ஆன்டெனா அளக்கற மீட்டர்ல மாட்டினா அது ரெசனன்ஸ் ஆகற இடம், அதாவது அதுக்குப் பொருந்தற அலைவரிசை, வேற எங்கேயோ உக்காந்திருக்கும். வீட்டு வைஃபை ரவுட்டர்லேருந்து கழட்டின குச்சியும் வேணாம், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் சமாச்சாரம், மரை ஒண்ணுதான், ஆனா உள்ள பின் இருக்க வேண்டிய இடத்துல ஓட்டை இருக்கும். மாட்டினா மாட்டின மாதிரியே தெரியும் ஆனா நடுக்கம்பி தொடவே தொடாது, இதுல ஒரு வாரம் வீணாக்கினவங்களை எனக்குத் தெரியும்.

ப்ரோ கதை வேணாம், எத்தனை மில்லிமீட்டர் வெட்டணும், அதை மட்டும் சொல்லுங்க

82.

கிரவுண்ட் பிளேன்னு ஒரு சுலபமான ஆன்டெனா இருக்கு, அதுல நேரா நிக்கற நடுக்கம்பியோட நீளம் இது. சரி கணக்கும் சொல்றேன், அப்பதான் நாளைக்கு வேற அலைவரிசைக்கும் நீங்களே போட்டுக்குவீங்க. ஒளி வேகம் கிட்டத்தட்ட 300, அதை 866ஆல வகுத்தா அலைநீளம் 0.346 மீட்டர், அதாவது 346 மி.மீ. அதுல கால் பங்கு 86.5. ஆனா நிஜக் கம்பிக்கு தடிமன் இருக்கறதால அஞ்சு சதவீதம் போலக் குறைக்கணும், அதான் 82. நான் முதல் தடவை புத்தகக் கணக்கை நம்பி 86.5ன்னு வெட்டிட்டு, மீட்டர்ல 820 பக்கம் காட்டுதேன்னு கனெக்டர் மேல பழி போட்டுட்டு ரெண்டு கனெக்டரை மாத்திப் பார்த்தேன்! இந்த அலைவரிசையில 1 மி.மீ. வெட்டினா சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் நகரும், அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. முதல்ல 85 வெச்சு வெட்டி கொஞ்சம் கொஞ்சமா நறுக்குங்க, வெட்டினதை ஒட்ட முடியாது.

அந்த கிரவுண்ட் பிளேன் ஆன்டெனாவை முழுசா எப்படி செய்யறதுன்னு சொல்லுங்கண்ணா

நடுவுல ஒரு கம்பி நிக்கும், அடியில நாலு கம்பி விரிஞ்சிருக்கும், அவ்வளவுதான் ஆன்டெனா. இதுதான் முதல்ல செய்ய வேண்டியது, இதைத் தாண்டி பலருக்கு வேற எதுவுமே தேவைப்படாது. என்-டைப் பெண் கனெக்டர், பேனல்ல மாட்டுற சதுரத் தட்டு வெச்சது, நாலு மூலையிலும் ஓட்டை இருக்கும். நடுவுல இருக்கற பின்ல 2 மி.மீ. தடிமன் செம்புக் கம்பியை நேரா நிக்க வெச்சு சால்டர் பண்ணுங்க. நாலு மூலை ஓட்டையிலயும் கம்பி முனையை வளையமாச் சுருட்டி போல்ட் நட்டு போட்டு முடுக்குங்க, அந்த நாலும் ரேடியல், ஒவ்வொண்ணும் 90 மி.மீ. போல இருக்கட்டும், இதுல ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருந்தா குடி முழுகிடாது. நடுக்கம்பியை அளக்கும்போது தட்டுலேருந்து வெளிய வர்ற பின்னையும் சேர்த்துதான் 82, பின்னை விட்டுட்டு கம்பியை மட்டும் அளந்துட்டு "நீளம் சரிதான் ஆனா வேலை செய்யல"ன்னு வருவாங்க பாருங்க.

அப்புறம் நாலு ரேடியலையும் கீழ்ப்பக்கமா 45 டிகிரி மடக்குங்க, குடைக் கம்பி பாதி விரிஞ்ச மாதிரி. மடக்காம நேரா விட்டா ஆன்டெனாவோட இம்பீடன்ஸ் (ரேடியோ கரண்டுக்கு அது காட்டற எதிர்ப்பு) 36 ஓம் பக்கம் இருக்கும், மடக்கினா 50க்கு வந்துடும், நம்ம ரேடியோவுக்கும் கேபிளுக்கும் வேண்டியது அந்த 50தான். அழகுக்கு மடக்கறதுன்னு நினைச்சு ஒருத்தர் நிமித்தி வெச்சிட்டாரு.

சாமான் எல்லாம் எங்க கிடைக்கும்? ஆன்லைன்ல கப்பல்லேருந்து வரணுமா?

கனெக்டர் சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். கம்பிக்கு மோட்டார் காயில் கட்டுற கடைக்குப் போங்க, 14 கேஜ் செம்புக் கம்பி எடை போட்டுக் குடுப்பாங்க, நம்ம தேவைக்கு நூறு கிராமே ஜாஸ்தி, அதுதான் சரியா 2 மி.மீ. வரும். அதுக்கு மேல எனாமல் பூச்சு இருக்கும், சால்டர் பண்ற இடத்துல பிளேடாலயோ உப்புத்தாள் வெச்சோ சுரண்டணும், சுரண்டலேன்னா எவ்வளவு சால்டர் ஊத்தினாலும் ஒட்டாது. கம்பி வளைஞ்சிருந்தா ஒரு முனையை வைஸ்ல புடிச்சு இன்னொரு முனையை பிளையர்ல ஒரு இழு இழுங்க, நூல் புடிச்ச மாதிரி நேரா ஆயிடும். சைக்கிள் ஸ்போக் நல்லா விறைப்பா இருக்கும், ரேடியலுக்கு போல்ட் போட்டு மாட்டலாம், நடுக்கம்பிக்கு வேணாம், ஸ்டெயின்லெஸ்ல சால்டர் பிடிக்காது.

25 வாட் சால்டரிங் அயர்ன் வெச்சிருக்கேன், உருண்டை உருண்டையா நிக்குது, ஒட்டவே இல்ல

என்-டைப் பின்னும் தடிக் கம்பியும் சேர்ந்து சூட்டை உறிஞ்சிடும், 25 வாட் பாவம் என்ன பண்ணும். 60 வாட் ஒண்ணு கடன் வாங்குங்க, ஃப்ளக்ஸ் தடவுங்க, கம்பி முனைக்கும் பின்னுக்கும் தனித்தனியா முதல்ல ஈயம் பூசிட்டு அப்புறம் சேர்த்து வெச்சு சூடு பண்ணுங்க. ஆறும்போது ஆட்டாதீங்க.

ஆன்டெனா மாட்டாம போர்டை ஆன் பண்ணா போயிடும்னு சொல்றாங்க, உடனே போயிடுமா?

ஒரு தடவைக்கே போகாம தப்பிச்சவங்க நிறைய, ஆனா அதை நம்பாதீங்க. வெளிய போக வழியில்லாத பவர் திரும்பி வந்து கடைசி ஆம்ப்ளிஃபையர்ல மோதும், சாகலேன்னாலும் பாதி செவிடா ஆகி நிக்கலாம், அப்புறம் எது கோளாறுன்னே கண்டுபிடிக்க முடியாது. முதல்ல ஆன்டெனா, அப்புறம் பேட்டரி. கழட்டும்போது நேர் மாறா. போர்டுல இருக்கற அந்தக் குட்டி ஐபெக்ஸ் கனெக்டர் ஒரு முப்பது தடவை கழட்டி மாட்டத்தான் தாங்கும், அதனால அதுல ஒரு சின்ன வால் கேபிளை ஒரே தடவை மாட்டி பெட்டிச் சுவர்ல எஸ்எம்ஏங்கற மரை வெச்ச சின்ன கனெக்டரா வெளிய எடுத்துட்டு, மாத்தறதெல்லாம் அந்த வெளிப்பக்கத்துல பண்ணுங்க.

ரேடியோ ஹால்ல இருக்கட்டும், ஆன்டெனா மட்டும் மாடியில, நடுவுல 10 மீட்டர் கேபிள் போட்டா ஓகேவா?

இங்கதான் எல்லாரும் விழுறாங்க. 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேபிள் பவரை சாப்பிடற வேகம் தெரியுமா? டிபிங்கறது சிக்னல் எத்தனை மடங்கு கூடுது குறையுதுன்னு சொல்ற அளவு. மெல்லிசா இருக்கற ஆர்ஜி-174 கேபிள் மீட்டருக்கு ஒரு டிபி சாப்பிடும், 10 மீட்டர் போட்டா மேல போய்ச் சேர்றது பத்துல ஒரு பங்கு. ஆர்ஜி-58 அதே தூரத்துக்கு 5 டிபி, மூணுல ஒரு பங்குதான் மிச்சம். எல்எம்ஆர்-400 போட்டா 1.3 டிபிதான், ஆனா அது விலையும் யானை, தடிமனும் யானை. போற சிக்னலுக்கு மட்டும் இல்ல, வர்ற சிக்னலுக்கும் இதே வெட்டுதான்.

என்னைக் கேட்டா ரேடியோவையே மாடிக்கு ஏத்துங்க. ஒரு ஜங்ஷன் பாக்ஸ், உள்ள போர்டும் பேட்டரியும், மேல ஆன்டெனா, பக்கத்துல சின்ன சோலார் பேனல், கேபிள் ஒரு சாண் நீளம். நீங்க ஹால்ல உக்காந்து ப்ளூடூத்லயோ வைஃபையிலயோ பேசிக்கலாம். மே மாச வெயில்ல கறுப்புப் பெட்டி வேணாம், வெள்ளைப் பெட்டியா, நிழல் விழுற மாதிரி வைங்க, இல்லேன்னா பேட்டரி உப்பிடும்.

வீட்டுல கேபிள் டிவிக்காரர் விட்டுட்டுப் போன ஒயர் சுருள் இருக்கு, அது ஆகாதா? 75 ஓம்னு எழுதியிருக்கு

ஆகும்! ஆர்ஜி-6 மீட்டருக்கு 0.2 டிபி போலத்தான் சாப்பிடும், ஆர்ஜி-58ஐ விட நல்லது. 75க்கும் 50க்கும் உள்ள பொருத்தமின்மையால எஸ்டபிள்யூஆர் (பவர் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டற எண், 1 வந்தா எதுவும் திரும்பலேன்னு அர்த்தம்) 1.5 போல வரும், அதுல திரும்பி வர்ற பவர் 4 சதவீதம்தான், கணக்குலயே வராது. தொல்லை என்னன்னா அதோட வெளிப் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், சால்டர் ஒட்டாது, எஃப் கனெக்டர் முடுக்கி அங்கேருந்து எஸ்எம்ஏவுக்கு மாத்தற அடாப்டர் போடணும்.

மீட்டர் இல்லாம செஞ்சது சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரியும்?

நானோ விஎன்ஏன்னு கைக்கு அடக்கமா ஒரு மீட்டர் இருக்கு, நாலு பேரு சேர்ந்து ஒண்ணு வாங்குங்க, வாங்கறப்போ 900 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஒழுங்கா அளக்கறதான்னு பாருங்க. அளக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கேலிபரேஷன் பண்ணணும், கேபிளோட முனையில வெச்சு. எஸ்டபிள்யூஆர் 1.5க்கு கீழ வந்தா நிறுத்திடுங்க, 2 வந்தாலும் 11 சதவீதம்தான் நஷ்டம். 1.5லேருந்து 1.1க்குக் கொண்டு வர்றேன்னு ராத்திரி முழுக்க நறுக்கிட்டு இருக்கறவங்களுக்கு, அந்த நேரத்துல தூங்கலாம்.

மீட்டரே இல்லேன்னா ஒரு நண்பர் வீட்டுல ஒரு போர்டை அசையாம வைங்க, குறைஞ்சது ஒரு கிலோமீட்டர் தள்ளி. மெஷ்டாஸ்டிக்ல இருக்கற ரேஞ்ச் டெஸ்ட் மாட்யூலை ஆன் பண்ணி பழைய ஆன்டெனாவுல ஒரு இருபது முப்பது மெசேஜ், அதே இடத்துல புது ஆன்டெனாவுல இருபது முப்பது, ரெண்டுக்கும் எஸ்என்ஆர் (இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு தெளிவுங்கற அளவு) சராசரி எடுங்க. ஒரே ஒரு மெசேஜ் வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரு லாரி குறுக்க போனாலே அஞ்சு டிபி மாறும்.

எஸ்டபிள்யூஆர் 1.2 அருமையா இருக்கு, ஆனா ஒரு மெசேஜ் கூட வரல. எப்படி?

இது நல்ல கேள்வி. எஸ்டபிள்யூஆர் சொல்றது பவர் திரும்பி வரலேங்கறதை மட்டும்தான், அது காத்துல போச்சான்னு அதுக்குத் தெரியாது. 50 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை மாட்டினா எஸ்டபிள்யூஆர் 1 காட்டும், ஒரு துளி கூட வெளிய போகாது.

இந்தக் கேள்வியை அனுப்பினவர் 10 மீட்டர் ஆர்ஜி-174 போட்டிருந்தாரு. மேல கேபிள் கணக்கைப் பாருங்க, போகும்போது 10 டிபி, திரும்பி வரும்போது 10 டிபி, மொத்தம் 20 டிபி காணோம், அப்போ அந்தப் பக்கம் ஆன்டெனாவே இல்லேன்னாலும் மீட்டர் 1.2ன்னு தான் காட்டும். மாடிக்குப் போய்ப் பார்த்தா நடுக்கம்பி சால்டர் விட்டு கீழ கிடக்கு.

கடையில 12 டிபிஐ ஃபைபர் கிளாஸ் ஆன்டெனா பாத்தேன், அதை வாங்கினா உங்க கம்பியை விட நாலு மடங்கு போகுமா?

ஆன்டெனா பவரை உண்டாக்காது, இருக்கறதை ஒரு பக்கம் அமுக்கும். பலூனை மேலயும் கீழயும் அமுக்கினா பக்கவாட்டுல பிதுங்கற மாதிரி. அப்படி எவ்வளவு அமுக்குதுங்கறதுதான் கெயின், அதோட அளவு டிபிஐ. நம்ம கிரவுண்ட் பிளேன் சுமார் 2 டிபிஐ, சுத்தி உருண்டையாப் போகும். 10, 12ன்னா தோசை மாதிரி தட்டையாப் போகும், சமவெளியில அதே உயரத்துல இருக்கறவங்களுக்கு நல்லது, மலை மேலயோ பன்னெண்டாவது மாடியிலயோ வெச்சா கீழ ரோட்டுல இருக்கறவன் தலைக்கு மேல போயிடும். அதோட, முக்கால் மீட்டர் நீளம் கூட இல்லாத குச்சியில 12 டிபிஐன்னு போட்டிருந்தா அது ஸ்டிக்கர்ல மட்டும்தான் இருக்கு, அவ்வளவு கெயினுக்கு நீளம் வேணும்.

என் அனுபவத்துல உயரம்தான் ராஜா. ரேடியோ தொடுவானம் கணக்கு சுலபம், உயரத்தை மீட்டர்ல எடுத்து வர்க்கமூலம் போட்டு 4.12ஆல பெருக்குங்க, கிலோமீட்டர் வரும். கையில ஒன்றரை மீட்டர் உயரத்துல வெச்சிருந்தா 5 கி.மீ., மொட்டை மாடியில 10 மீட்டர்னா 13, தொட்டபெட்டா 2,637 மீட்டர்னா 200ஐத் தாண்டும். மதுரைப் பக்கம் டிவி ஆன்டெனாவை கொடைக்கானல் பக்கம் திருப்பு திருப்புன்னு மாடியிலேருந்து கத்தினது ஞாபகம் இருக்கா, அதே விஷயம்தான். தடையே இல்லேன்னா 10 கி.மீ.க்கு காத்துல கரையறது 111 டிபிதான், லோரா அதுக்கும் கீழ இன்னும் நாப்பது டிபி போலக் கேக்கும். நம்மளைத் தடுக்கறது தூரம் இல்ல, சுவரும் மரமும்.

மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல கட்டிட்டேன், ஒரு பக்கம் மட்டும் போகவே மாட்டேங்குது

டேங்க் நிறைய தண்ணி இருக்கே, அது ரேடியோவுக்கு சுவரை விட மோசம். டேங்கை விட மேல ஏத்துங்க. இரும்புக் குழாய் பக்கத்துல செங்குத்தா ஓட விடாதீங்க, ஆன்டெனா குழாய் உச்சியில இருக்கணும், நடுவுல பக்கவாட்டுல கட்டினா குழாய் நிழல் விழும். கரண்ட் கம்பி பக்கத்துல இருந்தா அந்த இடமே வேணாம், குழாய் சாஞ்சா கூட கம்பியைத் தொடாத தூரம் வேணும், இதுல விளையாடாதீங்க. ஜன்னல் கிரில்ல மாட்டறேங்கறவங்களுக்கு, கிரில் இரும்பு, தளத்துல இருக்கறது இரும்பு, நீங்க கூண்டுக்குள்ளேருந்து கத்தறீங்க.

பழைய மீன்முள்ளு டிவி ஆன்டெனா மாடியில துருப்பிடிச்சு நிக்குது, அதையே மாட்டலாமா?

அப்படியே ஆகாது, தூர்தர்ஷனுக்கு செஞ்சது வேற அலைவரிசை, முள்ளு நீளத்தைப் பாத்தாலே தெரியும். ஆனா குழாயும் கிளாம்ப்பும் தங்கம், அதுல நம்ம ஆன்டெனாவை ஏத்திக்குங்க.

நண்பர் வீடு 8 கிலோமீட்டர் தள்ளி, அந்த ஒரு பக்கம் மட்டும் போனா போதும். என்ன செய்யலாம்?

பைக்வாட் செய்யுங்க. ரெண்டு சதுரம் மூலையில ஒட்டின மாதிரி ஒரே கம்பியில மடக்கணும், ஒவ்வொரு பக்கமும் 86.5 மி.மீ., மொத்தம் எட்டுப் பக்கம், 692 மி.மீ. கம்பி. பின்னால சுமார் 35 செ.மீ. சதுரத்துக்கு அலுமினியத் தகடு, கம்பிக்கும் தகடுக்கும் 42 மி.மீ. இடைவெளி, நடுமூலையில கேபிள் சேரும். பேக்கரி டிரே கூட போதும், காத்து புகுந்து போகணும்னா கம்பி வலை போடுங்க, கண்ணு 3 செ.மீ.க்குள்ள இருந்தா ரேடியோவுக்கு அது தகடுதான். 10 டிபிஐ போல கிடைக்கும்.

ரெண்டு சதுரமும் பக்கத்துல பக்கத்துல படுத்த எட்டு மாதிரி இருக்கணும், அப்பதான் செங்குத்து போலரைசேஷன், அதாவது அலை மேலயும் கீழயுமா ஆடும். எட்டை நிமித்தி வெச்சா கிடை ஆயிடும், எல்லாரோட குச்சியும் நின்னுட்டிருக்கும்போது நீங்க மட்டும் படுத்திருந்தா 20 டிபி வரைக்கும் போகும், அதாவது நூறுல ஒரு பங்கு.

நேர் கோட்டுல கண்ணுக்குத் தெரியுது, நடுவுல ஒரு தென்னந்தோப்பு உச்சி மட்டும் லேசா இருக்கு, ஆனா சிக்னல் வரல. ஏன்?

ரேடியோ நூல் மாதிரி போகாது, நடுவுல வயிறு பெருத்த கத்திரிக்காய் மாதிரி போகும், ஃப்ரெனல் மண்டலம்னு பேரு. 10 கி.மீ. தூரத்துக்கு நடுவுல அதோட ஆரம் 29 மீட்டர், அதுல 60 சதவீதமாவது, சுமார் 18 மீட்டர், காலியா இருக்கணும். தோப்பு அதுக்குள்ள தலையை நீட்டுது. மழை பேஞ்சு ஓலை நனைஞ்சா இன்னும் மோசம், மழைத் துளி இந்த அலைவரிசையை ஒண்ணும் பண்ணாது, ஈர இலை பண்ணும்.

மழை, இடி, காக்கா... எப்படிக் காப்பாத்தறது?

வெள்ளை பிவிசி குழாய்க்குள்ள போட்டு மூடி போடலாம், ஆனா உள்ள போட்டதும் ரெசனன்ஸ் கொஞ்சம் கீழ இறங்கும், அதனால குழாய்க்குள்ள வெச்சே அளந்து நறுக்குங்க. கீழ ஒரு சின்ன ஓட்டை விடுங்க, தண்ணி கோர்க்காது. சிலிக்கான் பூசறதா இருந்தா வினிகர் வாசனை அடிக்கறது வேணாம், அது செம்பைத் தின்னுடும். கடற்கரைப் பக்கம்னா கனெக்டர் மேல தானா ஒட்டிக்கற ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுத்துங்க, உப்புக் காத்துல பித்தளை ஒரு வருஷத்துல பச்சை பிடிச்சிடும்.

காக்காவுக்கு மருந்து இல்ல. ரேடியலை ஊஞ்சல்னு நினைச்சு உக்காரும், மாசம் ஒரு தடவை போய் நிமித்துங்க. இடிக்கு, குழாயை ஒழுங்கா எர்த் பண்ணுங்க, ஐப்பசி கார்த்திகையில இருட்டிக்கிட்டு வரும்போதே வீட்டுக்குள்ள வர்ற ஒயரைக் கழட்டிடுங்க, நேரா விழுந்தா கேபிள்ல மாட்டற எந்த இடி அரெஸ்டரும் காப்பாத்தாது. இடி கேக்க ஆரம்பிச்ச அப்புறம் மாடிக்கு ஓடாதீங்க, ஆன்டெனா போனா 82 மி.மீ. கம்பிதானே.

கெயின் ஏத்தினா சட்டத்தைத் தாண்டிடுவோமா? லாங்ஃபாஸ்ட் அகலம் பத்தி வேற யாரோ சொன்னாங்களே

4 வாட் ஈஆர்பின்னா 36 டிபிஎம். உங்க போர்டு 22, ஈஆர்பி கணக்கு டைபோல்ங்கற சாதாரண ரெண்டு கம்பி ஆன்டெனாவை வெச்சுத்தான், அப்போ டைபோலை விட 14 டிபி ஜாஸ்தியா கெயின் இருந்தாதான் எல்லை தொடும், டிபிஐ கணக்குல 16க்கு மேல. பைக்வாட் அதுக்குப் பக்கத்துல கூட வராது. 1 வாட் ஆம்ப்ளிஃபையர் போர்டு வெச்சிருக்கறவங்கதான் கணக்குப் பண்ணணும், 30 டிபிஎம்னா மிச்சம் 6 டிபிதான், பைக்வாட் மாட்டினா தாண்டிடும்.

லாங்ஃபாஸ்ட்ங்கறது மெஷ்டாஸ்டிக்ல முதல்லயே போட்டு வர்ற வேக செட்டிங், அகலம்னா அது அலைவரிசையில எடுத்துக்கற இடம். அகலம் பத்தி சொன்னவர் சொன்னது சரி. அந்த 2005 அறிவிப்புல கேரியர் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ்னு இருக்கு, லாங்ஃபாஸ்ட் 250 எடுக்கும். லாங்மாடரேட், லாங்ஸ்லோ ரெண்டும் 125தான், நான் அதுக்கு மாறிட்டேன், மெசேஜ் போக இன்னும் நேரமாகுது, தூரம் கொஞ்சம் கூடியிருக்கு. ஆனா மாறினா உங்க ஏரியாவுல எல்லாரும் சேர்ந்து மாறணும், இல்லேன்னா ஒருத்தரை ஒருத்தர் கேக்கவே முடியாது. எங்க பக்கம் ஏழு பேரு மாறிட்டோம், எட்டாவது ஆளு போனை எடுக்க மாட்டேங்கறாரு.